மணநாளின் முதல் உணவு

ஊரெல்லாம் உண்ணும் நாளொன்றில் உண்ணாதிருப்போர் இருவர் உளர். ஒருவர் மணமகன், மற்றவர் மணமகள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலே, புளியங்கூடல் போன்ற சிற்றூர் ஒன்றிலே, கலியாண வீட்டுக்குச் சென்றவர் எவரும் இதனைக் கண்டிருப்பர். வளவின் பின்புறத்தில் மூட்டிய அடுப்புகளில் கிடாரங்கள் ஏறியிருக்கும். முற்றத்துப் பந்தலில் வந்தவர்க்கெல்லாம் பலகாரத் தட்டம் நீட்டப்படும். பந்தல் போட வந்தவரும், வாழை கட்ட வந்தவரும், மேளகாரரும் தத்தம் பசிக்கு ஏற்ப உண்டு கைகழுவுவர். எவர்பொருட்டு இத்துணை உணவும் ஆக்கப்பட்டதோ, அவ்விருவர் மட்டும் வெறுவயிற்றோடு இருப்பர்.

மணநாட் காலையில் மணமக்கள் உண்ணலாமா? உண்ணின் எதை உண்ணலாம்? இவ்வினா சிறியதாகத் தோன்றும். ஆயினும் இதனைச் சற்றே கிளறிப் பார்ப்போமாயின், நம் மணவினையின் வரலாறும், விரதம் என்பதன் கருத்தும், உடலின் இயல்பும் ஒருங்கே எதிர்ப்படுகின்றன. மாணாக்கரும் ஆசிரியரும் கூடிப் பேசத்தக்க பொருளே இஃது என்பது என் எண்ணம்.

பட்டினியும் பாலும் பழமும்

நான் பிறந்து வளர்ந்த ஊர் புளியங்கூடல். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவில், நாரந்தனையும் சரவணையும் சுருவிலும் அயலாக அமைந்த ஊர் அது. பனையும், மழையை நம்பிய வயலும், உவர் கலந்த கிணறுகளும் கொண்ட மண். நல்ல தண்ணீரை அளந்து செலவிடப் பழகிய மக்கள், கலியாணத்தில் மட்டும் அளவு பாராது சோறிடுவர்.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் கலியாணங்கள் பெரும்பாலும் இரவு முகூர்த்தத்திலேயே நடந்தன. மணமக்களுக்குத் தத்தம் இல்லத்திலே உச்சியில் பாலும் அறுகும் வைத்து முழுக்காட்டுவர். பின்னர் மணமகன் தலைப்பாகை தரித்து, தோழனோடு பெண்வீடு வருவான். மணவறைச் சடங்குகள் நிறைவேறித் தாலி கட்டி முடியும்வரை இருவரும் உண்பதில்லை. கன்னிகாதானம் செய்யும் தாய்தந்தையரும் அவ்வாறே உண்ணாதிருப்பர். தாலி ஏறியபின் மணமக்கள் ஒருவர்க்கொருவர் பாலும் பழமும் கொடுப்பர். அன்றைய நாளில் அவர்கள் வாய்க்குச் செல்லும் முதல் உணவு, துணைவரின் கையிலிருந்தே செல்லவேண்டும் என்பது இம்மரபின் உட்கிடை. கருத்தளவில் இதைவிட அழகியது வேறொன்று உண்டோ?

கருத்து அழகியது, அதனைச் சுமக்கும் உடலோ பசிக்கும் உடல். அங்கேதான் நம் வினா பிறக்கின்றது.

சோறு கொடுத்தல்

யாழ்ப்பாணத்தில் திருமணத்துக்கு இன்னொரு பெயரும் வழங்கியதை முதியோர் அறிவர். அது ‘சோறு கொடுத்தல்’ என்பதாகும். மேளமும் மணவறையும் அந்தணரும் இன்றி, பெண் தன் கையால் சோறு பரிமாற, ஆடவன் அதனை உண்ண, சுற்றத்தார் சான்றாக இருப்பர். அவ்வளவே மணம். “அவைக்குச் சோறு குடுப்பிச்சாச்சு” என்றால் அவர்கள் கணவனும் மனைவியும் ஆயினர் என்பது பொருள். பொருள்வளமும் சமூகப் பெருமையும் உடையோர் இதனை எளியோர் வழக்கமென்று தாழ்த்திப் பேசியதும் உண்டு. எனினும் அவர்கள் வீட்டுக் கலியாணங்களிலும் இதே செயல் வேறு பெயரோடு நின்றது. தலைவாழையிலையில் புதுமணப் பெண் சோறும் கறியும் படைக்க, இருவரும் ஓரிலையில் உண்ணும் சடங்கைப் பூதாக்கலம் என்பர். பெரிய கலியாணத்தின் நடுவே பழைய எளிய கலியாணம் ஒளிந்திருக்கின்றது என்று கூறின் பிழையாகாது.

சங்க இலக்கியத்தைத் திருப்பினால் இதற்கு ஒத்த காட்சி கிடைக்கின்றது. அகநானூற்றில் மணவினையை விரித்துரைக்கும் பாடல்கள் இரண்டு. நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில், உளுந்து சேர்த்து ஆக்கிய களியோடு சோறு மிகுதியாகக் குவிந்திருக்க, பந்தலிட்டு, புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, இருள் நீங்கிய நற்காலையில் மணம் நிகழ்கின்றது. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலில், நெய் மிக்க வெண்சோற்றை இறைச்சியோடு சமைத்து விருந்தினரை உண்பித்தபின் மணம் நடைபெறுகின்றது. இரு பாடல்களிலும் வேள்வித் தீ இல்லை, தீவலம் இல்லை. உணவோ இரண்டிலும் முன்னிற்கின்றது. மணமக்கள் பட்டினி கிடந்ததாக ஒரு குறிப்பேனும் அவற்றில் காணப்படவில்லை. நம் வீடுகளில் இன்றும், பெண்பிள்ளை பருவமெய்தியவுடன் உளுத்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டு ஊட்டுகின்றோம். ஒரு பெண்ணின் வாழ்வு புதுநிலைக்கு மாறும் வேளையில் அவள் உடலுக்கு உரம் வேண்டும் என்ற அறிவு தமிழர்க்குப் புதியதன்று.

உணவையே மணமாகக் கொண்டவர் நாம் மட்டுமல்லேம். பண்டை உரோமருள் மேற்குடியினர், ஒருவகைக் கோதுமையால் செய்த அப்பத்தை யூப்பித்தர் கடவுளுக்குப் படைத்து, பத்துச் சான்றாளர் முன்னிலையில் மணம் முடித்தனர். அம்மணத்தின் பெயரே அக்கோதுமையின் பெயரிலிருந்து பிறந்ததாகும். கடல்கள் பல கடந்த ஒரு நகரும், எங்கள் தீவின் பனையோலைக் கொட்டிலும் ஒரே எண்ணத்தை எண்ணியிருக்கின்றன. ஒருவரோடு சேர்ந்து உண்பதே ஒருவரோடு சேர்ந்து வாழ்வதன் தொடக்கம் என்பதே அவ்வெண்ணம்.

விரதம் எதற்கு?

அங்ஙனமாயின் பட்டினி எங்கிருந்து வந்தது? மணத்தைத் தெய்வத்தின் முன் செய்யும் வினையாகக் கொண்டபோது, வேள்விக்கு அமர்வோர்க்கு உரிய தூய்மையும் அதனோடு வந்து சேர்ந்தது. இதுவும் நமக்கு மட்டும் உரியதன்று. யூதருள் பலர் மணநாளில் மணமக்கள் இருவரும் மணச்சடங்கு முடியும்வரை நோன்பிருக்கும் வழக்கத்தை உடையர். எங்கள் தீவிலேயே ஊர்காவற்றுறையிலும் கரம்பனிலும் நெடுங்காலமாக வாழும் கத்தோலிக்கர், மணப்பூசையில் நற்கருணை வாங்குவதாயின் முதல்நாள் நள்ளிரவு தொட்டு ஒன்றும் உண்ணாதிருந்தனர். நீர் அருந்தினும் நோன்பு முறியும் என்பது அக்காலச் சட்டம்.

இங்கிலாந்தில் 1886ஆம் ஆண்டுவரை கோயில் மணங்கள் நண்பகலுக்கு முன்னரே நிகழவேண்டும் என்பது விதி. மணம் முடித்து வந்து உண்ணும் விருந்தை அவர்கள் இன்றும் ‘மணநாட் காலையுணவு’ என்றே வழங்குகின்றனர். அவ்விருந்து மாலையில் நடந்தாலும் பெயர் மாறவில்லை. ஆங்கிலத்தில் காலையுணவைக் குறிக்கும் சொல்லின் பகுதிப்பொருளும் நோன்பைக் கலைத்தல் என்பதேயாம்.

இங்கே மாணாக்கர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நோன்பு விதித்த சமயங்களே, காலமும் உடலும் கருதி அவ்விதியைத் தளர்த்தியும் இருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 1953இல் நீர் அருந்துதல் நோன்பை முறிக்காது என அறிவித்தது. 1957இல் நள்ளிரவு என்னும் எல்லை நீங்கி, உணவுக்கு மூன்று மணிநேரம் என ஆயிற்று. 1964இல் அதுவும் ஒரு மணிநேரமாகக் குறைந்தது. இதனால் அவர்களின் பக்தி குறைந்தது என்று எவரேனும் சொல்வரோ?

நம் சைவ மரபும் இத்தகைய நெகிழ்ச்சியை முன்னரே அறியும். விரத ஒழுக்கத்தில் கண்டிப்பு மிக்கவர் என நாம் போற்றும் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), தமது சைவ வினாவிடையிலே சிவராத்திரி விரதத்தைப் பற்றிக் கூறுமிடத்து, முற்றாக உண்ணாதிருத்தலை முதன்மையாகவும், நீரோ பாலோ கொள்ளுதலை அதற்கு அடுத்ததாகவும், பழம் உண்ணுதலை அதற்கும் கீழாகவும், தோசை முதலிய பணிகாரம் உண்ணுதலைக் கடைசியாகவும் வகுத்துள்ளார். நான்கும் வெவ்வேறு படிகள். ஆயின் நான்கும் விரதத்தின் எல்லைக்குள் அடங்கியவையே. சிவனுக்குரிய பேரிரவிலேயே இத்துணை இடம் உண்டென்றால், பனியிலும் புகையிலும் மணிக்கணக்காக அமரப்போகும் ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு குவளை பாலை மறுப்பதற்கு நாம் யார்?

பெரியம்மாவின் கஞ்சி

அரை நூற்றாண்டுக்கு முன் எங்கள் சுற்றத்தில் நடந்த ஒரு கலியாணம் நினைவுக்கு வருகின்றது. மணமகள் எனக்குத் தமக்கை முறை. விடியற்புறம், விளக்கின் மங்கிய ஒளியில், பெரியம்மா ஒரு மூக்குப்பேணியோடு உள்ளறைக்குள் நுழைந்தார். நான் வாசலில் பூத்தட்டோடு நின்றிருந்தேன்.

“இதைக் குடி, பிள்ளை.”

“இண்டைக்கு விரதமெல்லே, பெரியம்மா?”

“கஞ்சி தண்ணியோடை சேர்த்தி. சோத்தை அவற்றை கையாலை தின்னு. இப்ப இதைக் குடி.”

தேங்காய்ப்பால் விட்டு, உப்பிட்ட புழுங்கலரிசிக் கஞ்சி அது. தமக்கை இருமுறை மறுத்தாள். மூன்றாம் முறை பேணியை வாங்கிக்கொண்டாள். பெரியம்மா அவள் குடித்து முடியும்வரை கதவடியிலேயே நின்றார். யாரும் உள்ளே வரவில்லை.

இதன் காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்து அம்மா எனக்குச் சொன்னார். பெரியம்மாவின் கலியாணம் இரவுக் கலியாணம். பகல் முழுதும் பச்சைத் தண்ணீரும் இன்றி இருந்தவர், அம்மி மிதிக்க எழுந்தபோது மணவறையிலேயே மயங்கி விழுந்தாராம். முகத்தில் நீர் தெளித்தனர், எழுந்தார், சடங்கு முடிந்தது. ஊர் வாய் அதனோடு முடியவில்லை. சிலர் அபசகுனம் என்றனர். சிலர் பெண்ணுக்கு இழுப்பு நோய் உண்டு, மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றனர். ‘வருத்தக்காரி’ என்ற பெயர் அவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. முதற் பிள்ளை பிறந்து, அப்பிள்ளை நடந்து திரிந்த பின்னரே மாமியார் வீட்டில் அப்பேச்சு ஓய்ந்ததாம். ஒரு பேணி கஞ்சி தடுத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு ஒரு பெண் கொடுத்த விலை இது. மணமகன் மயங்கின் வெயில் என்பர். மணமகள் மயங்கின் விதி என்பர். பட்டினி இருவர்க்கும் பொதுவாயினும் பழி ஒருவர்க்கே உரியதாகிவிடுகின்றது. பெரியம்மா ஊரோடு வாதிடவில்லை. தம்பால் வந்த ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் விடியற்புறம் கஞ்சி கொடுத்தார்.

உடல் சொல்லும் செய்தி

மயக்கம் ஏன் வருகின்றது? பசி ஒன்றே காரணமெனப் பலர் கருதுவர். முழுமையான விடை அதுவன்று. நலமுள்ள இளைஞர் ஒருவரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் மாச்சத்துச் சேமிப்பு உண்டு. உண்ணாதிருக்கும் வேளையில் ஈரல் அதனைச் சீனியாக மாற்றிக் குருதியில் விடும். உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆதலின் ஒருவேளை உணவு தவறியதனால் மட்டும் நலமுள்ளவர் வீழ்ந்துவிடுவதில்லை.

மணநாளிலோ பசி தனித்து வருவதில்லை. முதல்நாள் இரவு உறக்கம் இல்லை. அடிக்கடி எழுந்து செல்லவேண்டி வருமென்று அஞ்சி நீர் அருந்துவதில்லை. கனத்த கூறைச்சேலையும் நகைகளும் உடலை வெதுப்பும். ஓமப்புகை மூச்சை முட்டும். நெடுநேரம் சம்மணமிட்டு இருந்துவிட்டுச் சடுதியாக எழும்போது, குருதி கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது கணநேரம் குறையும். நீர் வற்றிய உடலில் இக்குறை மிகும். கண் இருளும், கால் தளரும், வீழ்ச்சி வரும். அவ்வேளையில் சுற்றி நின்று தூக்கி நிறுத்துவது தவறு. படுக்கவைத்துக் காலைச் சிறிது உயர்த்திப் பிடித்தால் விரைவில் தெளிவர்.

நீரிழிவுக்காக இன்சுலின் ஏற்றுவோரும், சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரை உண்போரும் நிலைமை வேறாவர். மருந்தைப் போட்டுவிட்டு உணவைத் தவிர்ப்பது அவர்கட்கு உயிராபத்து. மணமக்களுள் மட்டுமன்று, கன்னிகாதானம் செய்ய அமரும் தாய்தந்தையருள் இத்தகையோர் இன்று பலர். இவர்கள் வைத்தியரைக் கேளாது நோன்பிருத்தல் கூடாது.

காலம் மாறியது, பட்டினி மாறவில்லை

பழைய கலியாணம் வீட்டில் நடந்தது. மணமகள் தன் அறையிலிருந்து முற்றத்துக்கு நடந்தாள். இன்று கலியாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது. ஒப்பனை செய்பவர் அதிகாலை மூன்று மணிக்கே வந்துவிடுகின்றார். முகத்தில் பூச்சும் இதழில் சாயமும் ஏறியபின் ‘ஒன்றும் வாயில் வைக்காதே’ என்ற கட்டளை பிறக்கின்றது. இது சாத்திரம் இட்ட கட்டளையன்று. புகைப்படம் இட்ட கட்டளை. முகூர்த்தம் பதினொரு மணியெனின், தாலி ஏறியபின்னும் வாழ்த்துவோர் வரிசையும் படப்பிடிப்பும் தொடர, மணமக்கள் இலைமுன் அமரப் பிற்பகல் மூன்றாகும். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு உண்டவர்க்கு அது பத்தொன்பது மணிநேரப் பட்டினி. நம் பாட்டியர் இருந்தது விரதம். அதற்குரிய பயனோ இதில் ஏதுமில்லை.

1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் எங்கள் தீவு மக்களை ஊரோடு பெயர்த்தெறிந்தது. மீண்டவர் சிலர், மீளாதவர் பலர். இன்று புளியங்கூடல் மக்களின் கலியாணங்கள் தொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நடக்கின்றன. அங்கே மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கவேண்டும். குளிர்காலத்தில் விடியுமுன்னரே காரில் புறப்படவேண்டும். பூதாக்கலம் சில இடங்களில் மறைந்தே போயிற்று. சில இடங்களில் படத்துக்காக ஒரு கவளம் ஊட்டுவதோடு முடிகின்றது. உண்ணும் சடங்கு சுருங்க, உண்ணாத சடங்கு நிற்கின்றது. மரபைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதன் பாதியைத் தொலைத்து, மறுபாதியை மட்டும் வைத்திருக்கின்றோம்.

எதை உண்பது?

நன்றாக உண்ணுதல் என்பது வயிறு புடைக்க உண்ணுதல் அன்று. திருக்குறளின் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம் மிகுதியும் குறைவும் இரண்டுமே நோய் தரும் என்ற அடிப்படையில் தொடங்கி, முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுவதை வலியுறுத்துகின்றது. மணநாளுக்கு இதைவிடத் தக்க அறிவுரை வேண்டுவதில்லை.

முதல்நாள் இரவு எளிய உணவை வேளையோடு உண்டு, இயன்றவரை உறங்குக. மணநாளில் ஒப்பனைக்கு அமருமுன், உப்பிட்ட கஞ்சியோ, பாலும் சிறிது சர்க்கரையும் விட்ட இடியப்பமோ, சிறு உருண்டை உளுத்தங்களியோ, வாழைப்பழமும் பாலுமோ கொள்ளலாம். உறைப்பும் எண்ணெய்ப் பலகாரமும் அன்று காலை வேண்டா. வெறுந் தேநீர் உணவாகாது. மணவறைக்குச் செல்லும்வரை இடையிடையே நீரோ இளநீரோ சிறிது சிறிதாக அருந்துக. விரதத்தில் உறுதியுடையோர் சோற்றைத் தவிர்த்துப் பாலும் பழமும் கொள்ளின் மனமும் அமையும், உடலும் தாங்கும். அப்பொழுதும் அன்றைய முதற் சோறு துணைவரின் கையாலேயே கிடைக்கும்; பழைய கருத்துக்கு ஒரு குறையும் நேராது.

எங்கள் தீவுக் கூட்டத்தில் நயினாதீவும் ஒன்று. மணிமேகலை கூறும் மணிபல்லவம் அதுவே என்று இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகின்றனர். பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்தது அம்மணிபல்லவத்திலேதான். அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாத உணவைச் சுரக்கத் தொடங்கியது ஆதிரை என்னும் மனையாள் தன் கையால் முதற் பிச்சை இட்ட பின்னரே. இல்லறத்தின் முதற் கடமை பசி தீர்த்தல் என்று அக்காப்பியம் கற்பிக்கின்றது. பிறர் பசி தீர்க்க மனைக்கு வருகின்ற பெண்ணை, வரும் நாளிலேயே பசியோடு வரச்செய்தல் அக்கல்விக்கு ஒத்ததாகுமா?

கலியாணத்துக்கு நாள் வைத்தவுடன் பெரியோர் ஒரு பட்டோலை எழுதுவர். பந்தல் யார், மேளம் யார், பலகாரச் சூடு என்றைக்கு, கறிக்குக் காய் வெட்ட யார் யார் என்று வரிசையாக அதில் இருக்கும். அப்பட்டோலையில் இன்னும் ஒரு வரி சேர்க்குமாறு வேண்டுகின்றேன். மணநாள் விடியற்புறம் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் உணவு கொடுப்பது யார் என்பதே அவ்வரி. பொறுப்பாக ஒருவரின் பெயரை எழுதுங்கள். குடித்து முடியும்வரை கதவடியில் நிற்கக்கூடியவராகப் பார்த்து எழுதுங்கள்.